இத்தா எண்ண வேண்டிய நாள்

காதி நீதவான் அவர்களுக்கு,

எனக்கு எழுத்து வேலை என்று சொன்னால் சாய்ந்தமருதில் பலர் என்னை மனு எழுதுகிறவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காணிப் பிரச்சினை, கரண்ட் மீற்றர் பிரச்சினை என்று வாசலில் வந்து நிற்பார்கள். நானும் முகம் கோணாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உண்மையில் என் தொழில் போனில் ஆடும் விளையாட்டுகளுக்குக் கதை எழுதுவது. கொழும்பில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே எழுதுகிறேன். ஒரே கதைக்குப் பத்துப் பதினைந்து முடிவுகள் இருக்கும். ஆடுகிறவர் எந்த வழியைத் தொடுகிறாரோ அந்த முடிவு அவருக்கு வரும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆடுகிறவரைத் தள்ளக் கூடாது. அவர் முன் இரண்டு வழிகளை வைத்து, ஒன்றைத் தொட அவருக்கே மனம் கூசும்படி எழுதிவிட வேண்டும். மற்ற வழியில் அவர் தானாகப் போவார். போன பிறகு, தானே எடுத்த முடிவு என்றும் நம்புவார். இந்த வேலையில் என்னை அடிக்க ஆளில்லை என்று கம்பெனியில் சொல்வார்கள்.

றுஸ்னாவை முதலில் பெண் கேட்டுப் போனது எங்கள் வீட்டார்தான். "விளையாட்டு எழுதுற மாப்புளக்கி என்ட புள்ளயக் குடுக்கேலா" என்று அவளுடைய வாப்பா சொல்லிவிட்டார். அடுத்த மாதமே அவளுக்கும் என் கூட்டாளி சியாமுக்கும் கலியாணக் காவின் எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் நானும் ஒருவன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சியாம்மீது எனக்குக் கோபம் இருந்ததில்லை.

சியாம் தனியே கடலுக்குப் போய்த் திரும்பாததும், கவிழ்ந்த தோணி கோமாரியில் கரை ஒதுங்கியதும் நீங்கள் விசாரித்தவைதான். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, அவன் இறந்துவிட்டான், மவுத் என்று முடிவு சொன்னீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, கண்முன் மையித் உடல் இல்லாமலே அவனுக்குக் காயிப் ஜனாஸா தொழுவது என்று பள்ளியில் அறிவித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு வெளிநாட்டு அழைப்பு வந்தது.

"முர்ஷித் மச்சான், நான் சியாம் கதைக்கன். உசிரோட இரிக்கன். கப்பல்காரன் தூக்கி எடுத்து இஞ்ச ஒரு முகாம்ல உட்டிரிக்கான். றுஸ்னாக்கிட்டச் சொல்லு. காவின் துண்டும் என்ட ஐடி கொப்பியும் அனுப்பினாத்தான் உடுவானுகளாம். எனக்கு மனப்பாடம் ஒன்ட நம்பர் மட்டுந்தான்."

"சொல்றன் மச்சான். நீ யோசிக்காத" என்றேன்.

பிறகு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். முதல் வரிசையில் உங்களுக்குப் பக்கத்தில் நின்றேன். ஜனாஸாத் தொழுகையின் நான்கு தக்பீரும் சொன்னேன். தொழுகையை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஊரே சேர்ந்து முடித்த கதையை நான் ஒருவன் குழப்புவது மரியாதையாக இருக்காது என்றுதான் தோன்றியது.

கணவனை இழந்தவளாக றுஸ்னா நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அந்த ஒழுக்கத்தை ஒரு நாளும் மீறவில்லை. என் தங்கை ஹுஸ்னியாதான் சாப்பாடு கொண்டுபோவாள். "நானா, அவ போன் சத்தம் கேட்டா எழும்பி ஓடுறா. 'அவரு மவுத்தாகல்ல, என்ட கல்புக்குத் தெரியும்' எண்டு செவுத்துல தலைய முட்டுறா" என்று வந்து அழுவாள். சபூர் செய்து பொறுமையாக இருக்கச் சொல்லு என்று நான் சொல்லியனுப்பினேன். அவளை நினைத்து எனக்கும் கண் கலங்கியது.

நாற்பது நாள் கழித்துச் சியாம் திரும்ப அழைப்பு எடுத்தான். றுஸ்னா உன்மேல் கோபமாக இருக்கிறாள், கொஞ்சம் பொறு என்றேன். மூன்றாவது முறை, இத்தா முடிந்த வாரம், அவன் தேம்பித் தேம்பி அழுதான். "ஒருக்கா அவளக் கதைக்கச் சொல்லு மச்சான். ஒரு சொல்லு போதும்."

"ஒனக்குக் காயிப் ஜனாஸா தொழுது இத்தாவும் முடிஞ்சி. அவ வேற காவின் எழுதிட்டா" என்றேன். அது அன்றைக்கு உண்மையில்லை. "இப்ப ரெண்டு வழி இரிக்கி. நீ வந்து ஊருக்கு முன்னால அவளத் தலகுனிய வைக்கலாம். இல்லாட்டி அவள நிம்மதியா இரிக்க உடலாம். ஒன்ட விருப்பம்."

"அவ நிம்மதியா இரிக்கட்டும்" என்றான். அதன் பிறகு அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தம்பிலுவில் என்ற ஊரைச் சேர்ந்த குணம் என்பவர் எனக்கு அழைத்தார். வேறொரு தோணியில் போய், அதே முகாமில் இருந்து திரும்பியவர். சியாமின் சட்டைப் பையில் என் நம்பர் இருந்ததாம். "விடுறவங்கட லிஸ்டில அவர்ர பேரும் வந்தது தம்பி. நாங்க ரெண்டு மூண்டு பேர் காவின் துண்டு இல்லாமலே கதைச்சுச் சரிப்படுத்தினம். அவரே தன்ர பேரை வெட்டச் சொல்லிட்டார். பிறகு சாப்பிடவே இல்லை. போன மாசம் பன்னிரண்டாம் திகதி முடிஞ்சுது. அங்கயே அடக்கினம்" என்றார். வீட்டாருக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்று அழைப்பை முடித்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கும் றுஸ்னாவுக்கும் நிக்காஹ் என்பது உங்களுக்குத் தெரியும். "என்னத்தையாச்சும் செய்ங்க" என்று அவள் சம்மதம் சொன்னாள். அவளும் தன் விருப்பத்தோடுதான் வருகிறாள்.

இதில்தான் எனக்கு மன உறுத்தல். அவள் இருந்த இத்தா, கணவன் உயிரோடு இருக்கும்போது இருந்தது. ஆகவே அது கணக்கில் சேராது என்று நினைக்கிறேன். பன்னிரண்டாம் திகதியிலிருந்து நான்கு மாதம் பத்து நாள் புதிதாக எண்ண வேண்டுமா, அதுவரை நிக்காஹ்வைத் தள்ளிப்போட வேண்டுமா என்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அறியத் தருவீர்களாக. இதுநாள்வரை நான் ஹறாமான காரியம் எதற்கும் துணிந்தவன் அல்ல.