மரியான் பட்டனைத் தட்டியது குறித்து

எனது பெயர் ஜெபசுதா, வயது 36, க/பெ. ஷாம், ஊர் நாசரேத். தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். அழைப்பாணை பெற்று நடுவர் அவர்கள் முன் ஆஜராகி, யார் தூண்டுதலும் இன்றிச் சொல்வதாவது.

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு மூட்டை ஏற்றும் சிறு கிரேன் ஒன்றின் கட்டுப்பாட்டு போர்டை, பல வருடங்களுக்கு முன்பு நானும் காயல்பட்டினம் யாசிரும் சேர்ந்து செய்தோம். அப்போது நாங்கள் கிருபாகரன் என்பவரின் நிறுவனத்தில் வேலை பார்த்தோம். கிரேன் ஓட்டியவர் மரியான் அண்ணன். உப்புக்காற்றில் போர்டு ஈரமாகிவிடும் என்பதால் யாசிர் தன் தங்கை ருஷ்தாவின் முடி உலர்த்தும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார். அண்ணன் வீட்டிலிருந்து வரும் மீன்குழம்பை மூன்று பேரும் போர்டுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சாப்பிடுவோம். வழக்குக்கு இது தேவையில்லை என்று தெரியும். ஆனால் அந்த நாட்களைப் போலச் சந்தோஷமாக நான் எங்கும் வேலை பார்த்ததில்லை, அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

அதன் பிறகு நான் ஆசிரியை வேலைக்கு வந்துவிட்டேன். யாசிர் தோஹாவுக்குப் போய், அங்கிருந்தே இணையம் வழியாக, கிருபாகரன் நிறுவனத்துக்காக அந்த போர்டைப் பராமரித்து வந்தார்.

சென்ற மாதம் மழைவிட்டு ஏற்றிய முதல் சரக்கில், இறங்கிய மூட்டைக் கட்டு நிற்காமல் வந்து ரெனிஷ் என்ற தொழிலாளியின் காலை நசுக்கியது. நிறுத்தும் பட்டனை மூன்று முறை தட்டியதாக மரியான் அண்ணன் சொல்கிறார். மெஷினின் பதிவில் ஒரு தட்டும் இல்லை. ஆகவே அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று வழக்கு.

அதன் பிறகு நீதிமன்ற உத்தரவுப்படி போலீசார் முன்னிலையில் நான் போர்டைச் சோதித்தேன். பட்டனின் வயர் போர்டில் வந்து சேரும் சிறு உலோகக் காலுக்கு இன்புட் பின் என்று பெயர். அதை ஓயாமல் கவனிக்கும் நிரலை டிரைவர் என்போம். முதலில் வயரில் துரு என்று நினைத்து மாற்றினேன். பட்டனையும் மாற்றினேன். குறை தீரவில்லை. அதன் பிறகு அந்த இன்புட் பின்னில், மின்துடிப்பை வரைந்து காட்டும் அலைகாட்டியை மாட்டி, அண்ணனை வழக்கம்போல் தட்டச் சொன்னேன். அலைகாட்டியில் ஒவ்வொரு தட்டும் தெளிவாக விழுந்தது. கிரேன் நிற்கவில்லை, பதிவும் காலியாகவே இருந்தது.

டிரைவரைத் திறந்து பார்த்தேன். மழை ஈரமே பட்டனை அழுத்தியதுபோல் காட்டி, கிரேன் தானாக நின்று நின்று போனதால், கொஞ்ச நேரம் விடாமல் அழுத்தினால்தான் பட்டனை நம்பு என்று புதிதாக மாற்றியிருந்தது. நம்பாததைப் பதிவும் செய்யாது. தோணியிலோ அழுத்திப் பிடிக்கிற பழக்கம் ஒருவருக்கும் கிடையாது. அலையில் தோணி எழும்போது ஒரு தட்டுத் தட்டி நிறுத்துவார்கள், தாழும்போது மறுபடி இறக்குவார்கள். எங்களுக்கு அதைக் காட்டித் தந்த கைதான் மரியான் அண்ணன் கை. மாற்றம் யாசிர் பெயரில், விபத்துக்கு முந்தைய வாரம் ஏறியிருந்தது.

அதன் பிறகு கிருபாகரன் என்னைத் தனியே அழைத்து, மென்பொருள் கோளாறு என்று மட்டும் சொன்னால் போதும், ஆள் பெயர் எதற்கு என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. வீட்டுக்குப் போய் யாசிரை போனில் அழைத்தேன். விவரத்தைச் சொன்னேன்.

"அந்தத் தட்டுற பழக்கத்த மறந்துட்டேன் ஜெபா," என்றார். "எவ்வளவோ நாள் அங்கன நின்னு பாத்தவன், மறந்துட்டேன்."

பெயரை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

"எம் பேர எழுது. பேரில்லாத குத்தம் சுத்திச் சுத்தி மரியான் அண்ணன் தலையிலதான் வந்து விழும்."

மரியான் அண்ணன் பட்டனைத் தட்டினார். அந்தத் தட்டு இன்புட் பின் வரை வந்தது. அதற்கு மேல் வரவிடாதது எங்கள் நிரல்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அனைத்தும் உண்மை. இதில் யாசிரின் பெயர் என் மனதுக்கு மாறாகவும், அவர் விருப்பப்படியும் இடம்பெற்றுள்ளது.

(ஒப்பம்)
ஜெபசுதா