நின்ற பிறகு வளர்ந்த கட்டி

ஐப்பசி 14, செவ்வாய், காலை 8.20, தூறல். முதலிபாளையம் பேருந்தில் என் முன் இருக்கையில் பனியன் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள், அக்காளும் தங்கையும். அக்காளுக்கு அறுபது இருக்கும்.

“மாசாமாசம் வர்றது நின்னா கர்ப்பப்பைக் கட்டி சுருங்கிரும்னாங்க. நின்னு பத்து வருசமாச்சு. இப்ப வளருதுங்கறாங்க. துணியே தண்ணி பட்டா சுருங்குது, இது எப்படி கண்ணு வளரும்?”

“அதனாலதானுங்க்கா டாக்டரம்மா உடனே எடுக்கணும்னுது. அபூர்வமா புத்துநோயாவும் இருக்குமாம்.”

“வலியே இல்லியே. சிப்மெண்ட் போகட்டும்.”

“போன மாசமும் சிப்மெண்ட்டுத்தானுங்க. நீங்க தைக்காட்டி அமெரிக்காக்காரன் அம்மணமாவா திரியப் போறான்?”

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் தங்கை அக்காளின் சாப்பாட்டுப் பையைப் பறித்துக்கொண்டு இறங்கினாள். அக்காள் திட்டிக்கொண்டே பின்னால் இறங்கினாள்.

நான் இறங்க வேண்டிய இடம் நான்கு நிறுத்தங்களுக்கு முன்பே போய்விட்டது. திரும்பி வர ஆட்டோவுக்கு நூற்று இருபது ரூபாய்.