குஷன் உறைக்கு வைத்த மஞ்சள்

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"குஷன் உறைக்குப் போய் யாராவது மஞ்சள் வெப்பாங்களா அண்ணி?"

எட்டிப் பார்த்தேன். அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, சுடிதார் போட்ட பெண்ணின் மடியில் நான்கு பட்டுக் குஷன் உறைகள் இருந்தன. ஒன்றின் மூலையில் மட்டும் மஞ்சள் பொட்டு.

"புதுத்துணியாச்சேன்னு உங்கம்மா வெச்சிட்டாங்க. சோப்பு போட்டுப் பாத்தியா?"

"சோப்பு பட்டா செவந்துபூடும்."

"பிளீச்சிங் போடேன்."

"நல்லா சொன்னீங்க! தறியில மீந்த பட்டு, மரப்பட்டைச் சாயம், கெமிக்கலே படலன்னு கம்பெனிக்கு எழுதிக் குட்த்துருக்கேன். இன்னிக்கி இந்த சாம்பிள் பாஸானாத்தான் டிசைனர் வேலை பர்மனென்ட்."

"அப்ப இருக்கட்டும் வுடு. புதுசுன்னா எங்க ஊர்ல மஞ்சள் வெப்போம்னு சொல்லு."

"நாலும் ஒரே செட்டு. ஒன்னுல மட்டும் ஏன்னு கேப்பாங்களே?"

கண்ணமங்கலத்தில் பஸ் நின்றதும், அண்ணி ஜன்னல் வழியாகப் பெட்டிக்கடைக்காரரைக் கூப்பிட்டு ஒரு மஞ்சள்தூள் பாக்கெட் வாங்கினார். தண்ணீர் பாட்டில் மூடியில் கொட்டிக் குழைத்தார்.

"ஜல்தி, மத்த மூணையும் நீட்டு."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் மூடியையே பார்த்தாள். பிறகு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் வெக்கறேன். நீங்க வெச்சா இட்லி சைஸுக்கு வெப்பீங்க."

அண்ணி எழுந்து நின்று முன்பக்கம் குரல் கொடுத்தார்.

"டிரைவரண்ணே, ரெண்டு நிமிஷம் வண்டிய எடுக்காதீங்க!"