இரணைமடுவில் ஒரு பெண் முதலை

மதிய இடைவேளைக்கு நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முந்திப் போய்விடுவேன். கதை சொல்கிறவனுக்குச் சுவரோரக் கதிரை வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் பாதிச் சிரிப்பு வீணாகிவிடும்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் ரோல்ஸ் பலகாரத் தொழிற்சாலையை, விபத்தை விசாரிக்கிற நீங்கள் வந்து அளந்து, படமும் எடுத்துவிட்டீர்கள். மாவைத் தட்டையாக்கும் மெசினுக்கு நான்தான் பொறுப்பு. இரண்டு உருளைகள், மேலே ஒரு மூடி. மூடியைத் தூக்கினால் மெசின் தானாக நின்றுவிடும். நின்ற உருளையில் காய்ந்த மாவைச் சுரண்டி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால் மூடியின் சுவிட்சில் ஒரு காந்தத்தை ஒட்டினேன். மூடி திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக மெசின் நம்பிக்கொண்டது. பிறகென்ன, ஓடுகிற உருளையில் ஈரத் துணியைப் பிடித்தால் போதும். எல்லோருக்கும் அப்படித்தான் பழக்கினேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியோடு என் இடது கையும் உள்ளே போனது. மோதிர விரலும் சின்ன விரலும் திரும்பி வரவில்லை. முதலாளி தில்லையம்பலம் மட்டும்தான் கூட இருந்தார். காந்தத்தைப் பற்றி அவருக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டே, "சற்குணமண்ணை, மெசினை நிப்பாட்டுவம். நடந்ததை நடந்தபடி அறிவிப்பம்" என்றார். நல்ல மனிதர். நான்தான் வேண்டாம் என்றேன்.

யோசித்துப் பாருங்கள். மெசினுக்குள் கையை விட்ட கிழவன் என்றால் ஆட்கள் ஒரு நாள் பாவம் என்பார்கள். அதோடு சரி. ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்துக் கிடந்தேன். காயம் ஆறியதும் ஒரு முதலையோடு திரும்பி வந்தேன்.

ஊரில், இரணைமடுக் குளத்தில் குளிக்க இறங்கினேன். பெண் முதலை. மோதிரத்துக்கு ஆசைப்பட்டது. சின்ன விரல் துணைக்குப் போனது.

"மோதிரம் அதுக்கு அளவோ அண்ணை?" என்று கேட்டாள், ரோல்ஸ் சுற்றுகிற செல்வமலர்.

"கொஞ்சம் இறுக்கம். கழட்ட ஏலாமல் அழுதுகொண்டெல்லோ போனது."

மேசையே குலுங்கியது. ஒருவரும் நம்பவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கார்க் கதவு என்றார்கள், ஊர்க் கிணற்று மோட்டார் என்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற மெசினை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

காந்தத்தைக் கழற்றியிருக்கலாம். கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள்.

எனக்குக் கை இப்படி ஆனதால், மெசின் துடைக்கும் வேலையைச் செல்வமலருக்கு மாற்றினேன். நிதானமான பிள்ளை. போன கிழமை சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: "அண்ணை, பகிடியை விடுங்கோ. ஓடேக்கை துடைக்க எனக்குப் பயமாக் கிடக்கு. இந்த மெசின் ஆரின்ரையும் கையைப் பிடிச்சிருக்கோ?"

நேரான கேள்வி. பதில் என் மடியில்தான் கிடந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது கையைத் தூக்கிக் காட்டி, "பயப்பிடாதை பிள்ளை. இஞ்சை முதலை இல்லை" என்றேன்.

அவ்வளவு பெரிய சிரிப்பை அந்த அறையில் நான் கேட்டதில்லை. செல்வமலரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் துணியை நனைக்கப் போனாள்.

மெசினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கியவன் நான்தான். அதற்குள் அவளுடைய வலது கை மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது. அந்தக் கையால்தான் அவள் ரோல்ஸ் சுற்றுவாள்.

நேற்று திராட்சை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "என்ரை பிழைதான் அண்ணை" என்றாள். "நீங்கள் எவ்வளவு காலம் அதைத் துடைச்சனீங்கள். உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையே."

நான் மறுத்துப் பேசவில்லை. படுக்கையில் கிடப்பவர்களோடு வாதாடக் கூடாது. எனக்கு அந்த அளவுக்கு இங்கிதம் உண்டு.