வெள்ளிக்கிழமைப் போத்தல்

— பக்கிரிசாமி அங்கிள், கண்ணத் தொறங்க. உங்க வீட்டம்மா வீரம்மா ஆன்டி கொலுசு சத்தம்னா உடனே முழிச்சுக்குவீங்க, நான் கூப்பிட்டா மட்டும் தூக்கமா?

— தூங்கல மிஸ்ஸி. பாருங்க, மழைக்குள்ள வெள்ளக் குதிர போவுது.

— அது போர்ட்டுக்குப் போற லோரி. கால் வலிக்குதா?

— கால் எங்கயோ கெடக்கு. வலி மட்டும் இங்க இருக்கு.

— பெரிய ஊசி போட்டா அடங்கிடும். ஆனா கம்ப்யூட்டர் உங்க பேர செவப்பாக் காட்டுது லா. குடிக்கு அடிமையா இருக்கலாமாம், அதனால ஊசி போட விடல.

— நானா? எங்க ஊரு பண்டமாரான்ல யார வேணா கேளுங்க. இந்த வாயில பீர் நுரைகூடப் பட்டதில்ல.

— வாரம் ஒரு போத்தல் வாங்குறேன்னு அட்மிஷன்ல நீங்கதானே சொன்னீங்க? சொன்னது எல்லாத்தையும் அந்த ஏஐ படிச்சிடும்.

— அது முனியாண்டிக்கு மிஸ்ஸி! வீட்டுக்குப் பின்னால இருக்காரு. வெள்ளிக்கிழமையானா ஒரு போத்தல், ஒரு சுருட்டு.

— ஐயோ அங்கிள்! எங்க வீட்டு மாதாவுக்கு மெழுகுவத்தி போதும். உங்க சாமி நெசமாவே குடிக்கிறாரா?

— முன்னெல்லாம் போத்தல் அப்படியே இருக்கும். எங்க பையன் தனேஷ் செத்தப்புறந்தான் குடிக்கிறாரு. ராத்திரி பின்கதவு மெல்லத் தொறக்கும். கொலுசு சத்தம் கேக்கும். காலையில போத்தல் காலி.

— முனியாண்டி கொலுசு போடுவாரா?

— எங்க முனி போடுவாரு.

— சரி சரி. டாக்டர்கிட்ட சொல்றேன், செவப்ப எடுத்துடுவாரு. இப்பவே ஊசி போட்டுடலாம்.

— எடுக்காதீங்க.

— என்ன அங்கிள்? எடுக்கலைன்னா நாளைக்குக் கவுன்சலர் வந்து பேசுற வரைக்கும் இந்த வலியோடதான் கெடக்கணும். வார்டே உங்களக் குடிகாரன்னு நெனைக்கும்.

— அவங்க வந்து என்ன பேசுவாங்க?

— எதனால குடிக்கிறீங்கன்னு கேப்பாங்க. தனியாக் கெடந்து அழ வேணாம்னு சொல்வாங்க. குடிய விடறதுக்கு மருந்துகூட இருக்கு.

— திட்டுவாங்களா?

— சேச்சே. மெதுவாத்தான் பேசுவாங்க.

— அப்ப வரச் சொல்லுங்க மிஸ்ஸி. வீரம்மா சோறு கொண்டார நேரமாப் பாத்து வரச் சொல்லுங்க. எங்கிட்டயே பேசட்டும். அவ பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கட்டும்.