பைத், புயூத்

பெம்பானிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் நர்ஸ் உடையில் இரண்டு பெண்கள். மூத்தவரின் மடியில் ஓர் அரபு அகராதி.

“சவுதி வேலைதான் வேணாம்னுட்டீங்களே, இது எதுக்குக்கா?” என்றாள் இளையவள்.

“அரபுல நெறைய வார்த்தை, ஒன்னுக்கு மேல ஆனா உருவமே மாறிடும்லா. நம்ம மாதிரி ‘கள்’ போட்டு ஒப்பேத்த முடியாது. அதான் டிக்‌ஷனரியில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டிருப்பாங்க. ஜோடியாத்தான் மனப்பாடம் பண்ணணும். நான் சமைக்கிறப்ப எங்க வீட்டுக்காரரு இதப் பாத்து ‘பைத்’னு கேப்பாரு, வீடுன்னு அர்த்தம். நான் ‘புயூத்’னு சொல்லணும், வீடுகள்.”

மூத்தவர் அகராதியை மூடினார்.

“அவரு காரியம் முடிஞ்ச மறுநாளு வெங்காயம் நறுக்கிட்டு இருக்கேன், வாயில தானா ‘புயூத்’னு வருது. யாருமே கேக்கல.”