இன்னொரு முறை பாடச் சொன்னேன்

ஃபேனை மட்டும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம். நேராகக் காற்று பட்டால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். போதும். எழுதிக்கொள்கிறவர் அவசரப்பட வேண்டாம், நான் நிதானமாகத்தான் சொல்வேன்.

என் பெயர் அமுதவல்லி. மேட்டூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கிக்கொண்டு வந்தபோது அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. பொழுது சாய்ந்தால் டிவியை ஓடவிட்டு அடுக்களையில் நிற்பேன். பார்ப்பதற்காக அல்ல, வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருக்கட்டுமே என்று. சில நாள் பால்காரரிடம் பேசியதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

எதிர்வீட்டுக்குச் சௌந்தர்யா குடிவந்த பிறகுதான் அது மாறியது. ராசிபுரத்துப் பெண். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நானும் கூடச் சேர்ந்து பாடினேன். அவள் வெட்கப்பட்டு நிறுத்தவில்லை. என் குரலுக்குக் கீழே இறங்கி, வேறொரு வழியாகப் போய், கடைசியில் என்னோடு வந்து சேர்ந்துகொண்டாள். அன்று இரவு நான் டிவி போடவில்லை.

அப்படித்தான் எங்கள் சேர்ந்திசைக் குழு உண்டானது. குடியிருப்பிலிருந்தே இருபது பேர் வரை சேர்ந்தார்கள். குழந்தை வைத்தியர் குமரன், ஜவுளிக்கடை வைத்திருக்கும் வசந்தாமணி, இப்படிப் பலர். சனிக்கிழமைதோறும் என் கூடத்தில் பயிற்சி. பாட்டுகளைச் சௌந்தர்யாவே எழுதி மெட்டும் போட்டாள்.

அவள் கணவர் தமிழரசு நல்ல மனிதர். அதை எழுதிக்கொள்ளுங்கள். போர்வெல் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிறவர். குடி கிடையாது, அதட்டல் கிடையாது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் ஒரே ஒரு குறை. அவள் இல்லாமல் சாப்பிட மாட்டார். பயிற்சி நடுவில் போன் வரும். "சோறு ஆறுது கண்ணு, எப்ப வார?" என்பார். எதிர்வீடுதான், எட்டிப் பார்த்தால் தெரியும், ஆனாலும் போன். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவாள். பாட்டு பாதியில் நிற்கும். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு நான் மறுபடியும் அடுக்களைக்குப் போவேன்.

போன் இல்லாத மாலை என்று ஒன்று வைத்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஏற்காடு ரோட்டில் ஒரு சின்ன மண்டபம் எடுத்தோம். வாசலில் போனை வாங்கித் துணிப்பையில் போட்டு, பெயர்ச்சீட்டு கட்டி, உள்ளறையில் ஒரு பெரிய பாத்திரத்தில் வைப்பது என்று ஏற்பாடு. முதலில் பாட்டு, பிறகு பெரியவர்களும் பிள்ளைகளும் களிமண் பிசைவது, படம் வரைவது, மறுபடி பாட்டு. பிள்ளைகளின் கண்ணுக்கு நல்லது, மனசுக்கு நல்லது என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய்யில்லை, நல்லதுதானே. ஆனால் நான் நிறுத்த நினைத்தது ஒரே ஒரு போனை.

அன்று எங்கள் குடியிருப்பே மண்டபத்தில் இருந்தது. பெண்கள் எல்லோருக்கும் சேலைக்குப் பேர்போன இளம்பிள்ளையிலிருந்து ஒரே நிறத்தில் சேலை வாங்கியிருந்தோம். சௌந்தர்யாவைத் தமிழரசுதான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். உடம்பு அசதியாக இருக்கிறது, வீட்டில் படுக்கிறேன் என்றார். வண்டியைத் திருப்பும்போது என்னிடம் சொன்னார்.

"இதுதானுங்க்கா கடைசி. திருச்செங்கோட்டுல ஊடு பாத்தாச்சு. அண்ணன் கூடவே தொழிலப் பாக்கலாம்னுட்டாரு. அவ இன்னிக்குப் பாடி முடிச்சப்பறம் சொல்லலாம்னு இருந்தா. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம சொல்லீட்டேன்."

சந்தோஷம் தம்பி என்றேன். அடுத்து நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வரிசைப்படி சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

களிமண் வேலை நடந்துகொண்டிருந்தபோது நான் உள்ளறைக்குப் போனேன். போன்களெல்லாம் சத்தமில்லாமல்தான் இருந்தன. ஒரு பையின் துணிக்குள்ளிருந்து வெளிச்சம் தெரிந்தது. சௌந்தர்யாவின் பை. எடுத்துப் பார்த்தேன், அவர் பெயர். சோறு ஆறுகிறது என்பார், பதில் சொல்லி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்து ஹலோ என்றேன்.

"அக்காங்களா? அவகிட்டக் குடுங்க்கா. நெஞ்சு அடைக்குது. இடது கையெல்லாம் இழுக்குது. வேர்த்து ஊத்துதுங்க்கா."

சுவருக்கு அந்தப்பக்கம் சௌந்தர்யா பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் டாக்டர் குமரன் களிமண்ணில் ஒரு யானை செய்துகொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் இரண்டு பேருமே திரும்பியிருப்பார்கள். வண்டியில் போனால் எங்கள் வீடு ஐந்து நிமிஷம்கூட இல்லை.

நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பயப்படாதீங்க தம்பி. டாக்டர் இங்கதான் இருக்காரு. அவரையும் அவளையும் கூட்டிக்கிட்டு இப்பவே வாரேன். கதவைத் திறந்து வெச்சுட்டு ஆடாம அசையாம படுத்துக்குங்க. வேற யாருக்கும் போன் பண்ணிச் சிரமப்படாதீங்க. ஆம்புலன்ஸ் எல்லாம் வேண்டாம், நாங்களே வந்துர்றோம்."

"சரிங்க்கா," என்றார். "அவளப் பயப்படுத்தீராதீங்க."

போனை அணைத்துப் பையில் போட்டு, பாத்திரத்தின் அடியில் வைத்தேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு என் வரிசையில் போய் நின்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அடுத்தது அவளுடைய பாட்டு மேடம். நான்கு குரலும் நான்கு வழியாகப் பிரிந்து போய், கடைசி அடியில் ஒன்றாக வந்து சேர வேண்டிய பாட்டு. அதுவரை ஒரு பயிற்சியிலும் அந்தக் கடைசி அடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் அதற்குள் போன் வந்துவிடும். ஒரே ஒரு தடவை அவள் அதை முழுசாகப் பாடட்டும் என்று நினைத்தேன்.

பாடினாள். கடைசி அடியில் நான்கு குரலும் ஒன்றாக வந்து சேர்ந்தன. வசந்தாமணி சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாரும் கைதட்டும் முன்னே "இன்னொரு முறை" என்று முதலில் கேட்டது நான்தான். பிறகுதான் எல்லோரும் கேட்டார்கள். அவளுக்கு என்ன சந்தோஷம். மறுபடியும் முதலிலிருந்து பாடினாள். முதல் முறையைவிட நன்றாக.

அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனது நான்தான். நான் சொன்னபடியே கதவு திறந்திருந்தது. சோபாவில் படுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்காகச் சட்டை மாற்றியிருந்தார். பித்தான் மட்டும் முழுசாகப் போட்டு முடிக்கவில்லை. குமரன் ஓடிவந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கொஞ்சம் முன்னால் என்றால் ஏதாவது செய்திருக்கலாம் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவரும் அழுதார்.

மாரடைப்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மாரடைப்புதான். யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை. சௌந்தர்யாவின் போனில் அவர் கூப்பிட்டது இருக்கிறது. அழுகிற கண்ணுக்கு அவர் பெயர்தான் தெரிந்ததே தவிர, அந்த அழைப்பை யாரோ எடுத்துப் பேசியிருக்கிறார்கள் என்பது தெரியவில்லை. நீங்கள் வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்படியானால் இப்போது ஏன் வந்தேன் என்பதுதானே உங்கள் கேள்வி.

அவள் பாடுவதில்லை. தான் போனைக் கொடுத்ததால்தான் அவர் போய்விட்டார் என்று பிடிவாதமாக இருக்கிறாள். ராசிபுரத்தில் அவள் அம்மா ராமாயி வீட்டுக்கு நானே பஸ் ஏறிப் போனேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டை மெதுவாக ஆரம்பித்தேன். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அவரு கூப்பிட்டாருக்கா. நான் பாடீட்டு இருந்தேன். இனி என் வாய்ல பாட்டே வராது," என்றாள்.

"அவளுக்கு யாரைப் பாத்தாலும் ஆகல சாமி. நீங்க இனிமே வர வேண்டாம்," என்று ராமாயியம்மா வாசல்வரை வந்து சொன்னார்.

திரும்பி வந்து எத்தனையோ சனிக்கிழமை தனியாக உட்கார்ந்திருந்து பார்த்தேன். குழுவில் ஒருவரும் வருவதில்லை. எதிர்வீடு பூட்டியே கிடக்கிறது. டிவியை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை மேடம். அவள் செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பாட்டை விட்டுவிட்டாளே, அதை நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? தப்பு உன்னுடையதில்லை, என்னுடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் மனசு லேசாகிவிடும். அதற்காகத்தான் வந்தேன். அவளுக்காகத்தான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். தமிழரசுவைச் சாகவிட்டது நான்தான்.

ஒன்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். ஜெயிலில் பார்க்க வருகிறவர்களைப் பாட விடுவார்களா? அவள் என்னைப் பார்க்க வராமல் இருக்க மாட்டாள்.